கையால் போடுகிற சுவிட்ச்

மதுரையில் அவர் தன் மனைவியைக் காட்டிவந்த ஆஸ்பத்திரியின் வாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு ஒன்று உண்டு. ஆள் கிட்டே போனால் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கும். ஒதுங்கிய பிறகும் அவர் உள்ளே போகமாட்டார். ஒரு கதவின் விளிம்பைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மனைவி உட்கார்ந்திருக்கும் சக்கர நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் கையை எடுப்பார்.

காவலுக்கு நிற்பவருக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வரும்.

"பெரியவரே, கைய எடுங்க. அது சென்சாரு. ஆள் நின்னா மூடாது."

"மூடாதுன்னு யாரு சொன்னா?"

"மாட்டுன கம்பெனிக்காரன் சொன்னான்."

"அவன் இங்கயா நிக்கிறான்?"

எனக்குச் சிரிப்பு வரும். நாற்காலியில் இருக்கும் மதினிக்கும் சிரிப்பு வரும், ஆனால் சிரித்தால் இருமல் வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொள்வார்.

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். தானாக வேலை செய்கிற எதையும் நம்பமாட்டார். "தன்னால ஓடுறது தன்னால நின்னுரும் தம்பி. நிக்கிறப்ப நம்மகிட்ட சொல்லிட்டா நிக்கும்?" என்பார். ஏன் இப்படி என்று கேட்டால் ஒரு தடவை ஆந்திராவில் பிரேக் போன கதையைச் சொல்வார். இன்னொரு தடவை கேட்டால் ஓசூர்ப் பக்கம் வைப்பர் நின்றுபோன கதை. மூன்றாவது தடவை, "பொறந்ததுலருந்து அப்புடித்தேன்" என்று முடித்துவிட்டார். அதுதான் உண்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, நாமக்கல்லில் கோழிப்பண்ணை, கேரளாவில் ரப்பர்த் தோட்டம் என்று எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. அந்தச் சமயத்தில் அவனியாபுரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனின் கடையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாடு வெளியே, படுக்கை கடைக்குள்ளேயே. மழை வந்தால் தகரம் ஒழுகும் இடம் தெரிந்து பாயை நகர்த்திக்கொள்வேன். அங்கேதான் அவர் ஒருநாள் ஜீப்பை இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். ஏலத்தில் எடுத்தது. அவர் வீடு டி. கல்லுப்பட்டியைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு இறங்கி, கரிசல் காட்டுக்குள் இருந்தது. மழை பெய்தால் அந்தப் பாதையில் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு எந்த வண்டியையும் நகரவிடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் ரோட்டிலேயே நின்றுகொண்டு, "நீங்க தூக்கிட்டு வந்துருங்க" என்று போனில் சொல்வார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி மட்டும்தான் உள்ளே போய் வரும். அதற்காகத்தான் அந்த ஜீப்.

மதினி பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி பல வருஷமாக உள்ளே போய் நுரையீரல் பாழாகிவிட்டது. நான் பார்க்கும்போதே அவரால் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. வீட்டில் கரண்டில் ஓடும் அந்த மெஷினை ஜீப்பின் பின்பக்கம் வைத்து, ஒரு இன்வெர்ட்டரை ஜீப் பேட்டரியோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வருவார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வெகுநேரம் காத்திருந்திருக்கிறார்கள். இன்ஜின் நின்றிருந்தது, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இருந்த ஒரே பேட்டரியையும் மெஷின் குடித்துவிட்டது. திரும்பும்போது ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. மதினியை ஆஸ்பத்திரி ஆக்சிஜனிலேயே விட்டுவிட்டு ஜீப்பை மட்டும் இழுத்து வந்திருந்தார்.

எலக்ட்ரீஷியன் விஷயத்தைச் சொன்னார். "மெஷினுக்குன்னு தனியா ரெண்டாவது பேட்டரி வைக்கணும்ணே. வண்டி ஓடுறப்ப ரெண்டும் சேந்து சார்ஜ் ஏறணும். வண்டி நின்னா ரெண்டும் பிரிஞ்சுரணும். மெஷின் எம்புட்டு இழுத்தாலும் இன்ஜின் பேட்டரியத் தொடக் கூடாது. சேக்குறதுக்கும் பிரிக்கிறதுக்கும் நடுவுல ஒரு ஐசோலேட்டர் போடணும்."

"யாரு சேப்பா, யாரு பிரிப்பா?"

"அதுவே சேத்துக்கிரும், அதுவே பிரிச்சுக்கிரும்."

அவர் முகம் அப்படியே இறுகிப்போனது. நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது அந்த முகத்தோடுதான்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, மதினியையும் அழைத்துக்கொண்டு, ஐசோலேட்டர் வாங்க டவுனுக்குள் ஒரு பாய் கடைக்குப் போனோம். அரை நாள் அங்கேயே போனது. பாய் பொறுமைசாலி. மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

முதலில் வைத்தது டயோடு போட்டது. உள்ளே அசைகிற சாமான் எதுவும் கிடையாது, கெட்டுப்போக வழியில்லை என்றார். எலக்ட்ரீஷியனே அதை ஒதுக்கிவிட்டார். "இது நடுவுல கொஞ்சம் சார்ஜைத் தின்னுரும் பாய். ரெண்டாவது பேட்டரி என்னைக்கும் முழுசா நெறையாது. மெஷின் ஓடணும்ல."

அடுத்தது ரிலே. சாவியைப் போட்டால் இரண்டையும் சேர்க்கும், சாவியை எடுத்தால் பிரிக்கும்.

"உள்ள பாயிண்ட்டு கருகிப்போனா?" என்றார் அவர்.

"கருகாதுங்க. நல்ல சரக்கு."

"கருகுனா சொல்லுமா? நான் சாவியப் போடுவேன், இது சேத்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டுவேன். அது சேக்காம கெடக்கும். எனக்கு எப்புடித் தெரியும்?"

மூன்றாவது வோல்டேஜைப் பார்த்துத் தானே முடிவு செய்கிற பெட்டி. சின்ன விளக்கு ஒன்று எரிந்து சேர்ந்ததா பிரிந்ததா என்று காட்டும். எலக்ட்ரீஷியனுக்கு அதுதான் பிடித்திருந்தது. இவரோ அதைக் கையில் வாங்கி, காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"அண்ணே, அது தேங்கா இல்ல" என்றார் எலக்ட்ரீஷியன்.

"விளக்கு பியூஸ் போனா?"

பாய் சிரித்தேவிட்டார். "யா அல்லாஹ்! இம்புட்டுக் கேள்வி பொண்ணு பாக்கப் போறவன்கூடக் கேக்கமாட்டான். உங்களுக்கு என்னதான் வேணும், நீங்களே சொல்லுங்க."

பதிலுக்கு அவர் கடையின் பின்பக்கம் கையைக் காட்டினார். லாரிக்குப் போடுகிற பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் ஒன்று அங்கே தொங்கியது. சிவப்புக் கைப்பிடி. ஒரு பக்கம் திருப்பினால் சேரும், மறுபக்கம் திருப்பினால் பிரியும். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

"இதைக் குடுங்க. இதுல கருகுறதுக்கும் ஒண்ணுமில்ல, எரியுறதுக்கும் ஒண்ணுமில்ல. என் கை இருக்கு."

"கை மறந்துட்டா?" என்று பாய் கேட்டார்.

"முப்பது வருசம் லாரில இதத்தேன் திருப்பிக்கிட்டு இருந்தேன். எறங்கும்போது தன்னால கை போகும்."

தன்னால என்று அவரே சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நாங்களும் அப்போது கவனிக்கவில்லை.

மதினி வெளியே ஜீப்பில் இருந்தார். பாய் கடையிலிருந்து ஒயர் இழுத்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தோம். எலக்ட்ரீஷியன் போய் அவரிடம் சொல்லிப் பார்த்தார். "மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க. இது உங்க உசுரு."

மதினி ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை எடுத்துக்கொண்டு சொன்னார். "அவுரு... கேக்குறதக் குடுத்துருங்க. அந்த மனுசனுக்கு... வேற சாமி கெடையாது. கைதேன்."

டிரைவர் சீட்டுக்கு இடதுபக்கம், கியருக்கும் ஃபோர் வீல் கம்பிக்கும் பின்னால், அவர் காட்டிய இடத்தில் தரையோடு அந்தச் சுவிட்சை வைத்தோம். பின்னால் நீளவாக்கில் இருந்த பெஞ்சில் மதினி கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் மெஷின்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடைக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வார். மதினியை இறக்கி ஏற்ற ஓர் ஆள் வேண்டும். முன் சீட்டில் உட்கார்ந்து அவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஜீப் எங்கே நின்றாலும் இன்ஜினை அணைத்த அதே மூச்சில் இடது கை கீழே போய்ச் சுவிட்சைத் திருப்பிவிடும். கண் அதைப் பார்க்காது. முகம் வேறு பக்கம் இருக்கும், பேச்சு நடந்துகொண்டிருக்கும், கை தன் வேலையை முடித்திருக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சில சமயம் அவர் காட்டுக்குப் போய்த் தங்கியிருக்கிறேன். கரண்ட் வந்தால் மோட்டாரைத் தானாகப் போட்டுவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லோரும் வைத்திருந்தார்கள். இவர் மட்டும் கரண்ட் எப்போது வரும் என்று காத்திருந்து, வரப்பில் நடந்துபோய்ப் பொத்தானை அமுக்கிவிட்டு வருவார். மதினியின் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவியை டாக்டர் கொடுத்திருந்தார். அது உறை பிரிக்காமல் கிடந்தது. அவர் மதினியின் முதுகில் உள்ளங்கையை வைப்பார். மூச்சு ஏறி இறங்குவதைக் கையாலேயே பார்ப்பார். பிறகு, "இன்னைக்கு நேத்தையவிடத் தேவல" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்.

"அந்த மெஷின மாட்டித்தான் பாருங்களேண்ணே" என்று ஒருமுறை சொன்னேன்.

"அது நம்பரு சொல்லும். நம்பர வச்சு நான் என்ன செய்ய?"

மதினி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்த வீட்டில் சத்தம் என்றால் மெஷினின் இரைச்சல்தான். அதற்குள்ளேயே இருவரும் பேசிக்கொள்வார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள். லாரி ஓட்டி ஓட்டி அவருக்குக் காது மந்தம். மதினிக்குக் குரல் எழும்பாது. அதனால் பாதிச் சண்டை சைகையிலேயே நடக்கும்.

மழைக்காலம் தொடங்கியது. பாதை சேறானது. ஜீப் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குக் காலையில் அவர் வரும் நேரம் தாண்டிப்போயிருந்தது. வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்களாம். கேட் போட்டால் அவர் இன்ஜினை அணைத்து, இறங்கிப் போய் இரண்டு பக்கமும் தண்டவாளத்தைத் தானே பார்த்துவிட்டு வருகிறவர். கேட் திறந்தாலும் பார்க்காமல் ஏறமாட்டார். அன்று பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கேட் திறந்துவிட, பின்னால் நின்ற பஸ்காரரும் லாரிக்காரரும் ஹாரனை அடித்துத் தீர்த்திருக்கிறார்கள். ஓடிவந்து ஏறி, ஸ்டார்ட் பண்ணி, கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார்.

கடை வாசலில் ஜீப் நின்றது. "ஏறு தம்பி, நேரமாச்சு" என்றார். மதினிக்கு வணக்கம் சொல்லலாம் என்று பின்பக்கக் கதவைத் திறந்தேன்.

மெஷினில் இரைச்சல் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மதினி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். உதடும் விரல் நகமும் நாவல்பழம் தின்றது போல இருந்தன. கண் மட்டும் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது.

நான் கத்தினேன். எலக்ட்ரீஷியன் ஓடிவந்து மெஷினைத் தூக்கினார். நான் மதினியைத் தூக்கினேன், எடையே இல்லை. கிரைண்டருக்குப் போடும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சொருகி, ஆயில் சிந்திய தரையில் சாக்கை விரித்துப் படுக்கவைத்தோம். குழாயை மூக்கில் சரியாக வைத்தேன். இரைச்சல் வந்தது. மதினியின் நெஞ்சு ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது.

அவர் மட்டும் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். குனிந்து சுவிட்சைப் பார்த்தார். சிவப்புக் கைப்பிடி பிரிந்த பக்கம் திரும்பியிருந்தது.

கேட்டில் இறங்கும்போது வழக்கம்போல் கை அதைப் பிரித்துவிட்டது. ஏறும்போது சேர்க்கவில்லை. ரெண்டாவது பேட்டரி சார்ஜ் ஏறாமல், இருந்ததை வைத்து ஓடி, வழியில் எங்கேயோ தீர்ந்துவிட்டது. சார்ஜ் குறைந்ததும் இன்வெர்ட்டர் கீச்சுக்கீச்சென்று கத்தியிருக்கும். டீசல் இன்ஜின் சத்தத்தில் அவர் காதுக்கு அது எட்டியிருக்காது.

ஆஸ்பத்திரியில் மதினியைச் சேர்த்துவிட்டு வந்து எலக்ட்ரீஷியன் என்னிடம் சொன்னார். "லாரில இந்தச் சுவிட்சப் பிரிச்சு வச்சுட்டா வண்டி ஸ்டார்ட்டே ஆகாதுடா. சாவியத் திருப்புனா செத்த பொணம் மாதிரிக் கெடக்கும். ஆகா, சுவிட்சப் போடலயேன்னு அப்பத்தேன் போடுவான். முப்பது வருசமா பிரிக்கிறதுக்குத்தேன் அவரு கை பழகியிருக்கு. சேக்குறதுக்கு லாரிதேன் ஞாபகப்படுத்தியிருக்கு. இங்க இன்ஜினுக்குத் தனிப் பேட்டரி. சேத்தாலும் கெளம்பும், சேக்காட்டியும் கெளம்பும். நாந்தேன் அதை அன்னைக்கே யோசிச்சிருக்கணும்."

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அப்படியானால் இத்தனை மாசம் எப்படித் தப்பியது?

ரெண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். மதினி சைகை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். முகத்தில் மாஸ்க். அதை விலக்கிக்கொண்டு பேசினார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"சுவிட்சு மறந்தது... மொத தடவ இல்ல."

ஸ்டூலைக் கட்டிலுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஆரம்பத்துலருந்தே மறப்பாரு. பாதி நாளு. நான் பின்னாடிதான இருக்கேன்... காலை நீட்டி, பெருவிரலால தள்ளிவிட்டுருவேன். அவுரு எறங்கும்போது கை போனா... சேந்துதேன் இருக்கும். தாந்தேன் போட்டம்னு நெனச்சுக்குவாரு."

மூச்சு வாங்கியது. மாஸ்க்கை வைக்கப் போனேன். என் கையைத் தள்ளினார்.

"அன்னைக்கு... காலு வீங்கி மடங்கல. எட்டல."

"ஒரு தட்டு தட்டியிருக்கலாமே மதினி. சீட்டைத் தட்டியிருந்தா நிறுத்தியிருப்பாரே. அம்புட்டுத் தூரம் எப்புடி..."

"தட்டுனா தெரிஞ்சுருமே."

"என்ன தெரியும்?"

"கை போச்சுன்னு." மாஸ்க்கை ஒருதரம் வைத்து எடுத்தார். "ஒங்க கடை வந்துரும், வந்துரும்னு... பாத்துக்கிட்டே வந்தேன். அவருகிட்டச் சொல்லிராத. நான் போனப்பறமும் சொல்லிராத. அந்த மனுசன் பெறகு எத வச்சு இருப்பாரு?"

படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. மதினி மாஸ்க்கைத் தானே இழுத்து வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் அவர் பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். ஜீப் அங்கேயேதான் நின்றது. "அந்தத் தன்னால சேருற பொட்டிய வாங்கி மாட்டிரு" என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னார். வேலை நடக்கும்போது பக்கத்தில் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் சாவியை என்னிடம் நீட்டினார். "நீயே ஓட்டு." அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

பெட்டி நன்றாக வேலை செய்தது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் உள்ளே டிக் என்று ஒரு சத்தம், விளக்கு எரியும். நின்றால் கொஞ்ச நேரத்தில் அணையும். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஆனால் அந்தப் பெட்டி மாட்டிய பிறகு மதினி அந்த ஜீப்பில் ஒரே ஒரு தடவைதான் ஏறினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு. அப்போது மெஷின் தேவைப்படவில்லை. மழை விட்டிருந்தாலும் பாதை சேறாகவே இருந்தது. ஃபோர் வீல் போட்டு நான்தான் ஓட்டினேன். அவர் பின்னால் மதினியின் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தார்.

நுரையீரல் ஏற்கெனவே முடிந்துபோன கதைதான், அந்த ஒரு நாளால் மட்டும் ஆனதில்லை என்று டாக்டர் அவரிடம் தெளிவாகச் சொன்னார். நானும் கூட இருந்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார். நம்பினதாகத் தெரியவில்லை.

காரியத்தன்று போயிருந்தேன். வாசலில் சாமியானா போட்டு நாற்காலிகள் கிடந்தன. துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு நாளுதான் மறந்துச்சு. இத்தன மாசத்துல ஒரே ஒரு நாளு. அந்த ஒரு நாளுலதேன் அவளக் கொன்னுட்டேன்." வந்தவர்கள் அப்படியெல்லாம் பேசாதீங்க என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஷேவ் பண்ணாத முகம். என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"நீ கூடவே இருந்தவன். நீ சொல்லு தம்பி. அன்னைக்கில்லாம வேற என்னைக்காச்சும் நான் மறந்திருக்கேனா?"

நான் என்ன சொன்னாலும் அவருக்கு அது நல்லதாக இருக்கப் போவதில்லை. பாதி நாள் மறந்தீர்கள் என்றால் ஒரு நாள் கணக்கிலிருந்து அவர் தப்பிப்பார். ஆனால் அதோடு அவரிடம் எதுவுமே மிஞ்சாது. மதினி மூச்சில்லாமல் பேசாமல் வந்தது எதற்காக என்றும் தெரிந்துபோகும். மறக்கவில்லை என்றால் அந்த ஒரு நாளோடு அவர் கிடக்க வேண்டியதுதான்.

"இல்லண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கடைசிச் சாட்சியும் தனக்கு எதிராகச் சொல்லி முடித்துவிட்டதைக் கேட்டவர் போல மெதுவாக எழுந்து, வாசலில் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த யாரோ ஒருவரிடம் அதைச் சொல்லப் போனார்.